சமையல் மேடைக்கு ஏற்ற கல்

வீடு கட்டுவோர் முகப்பைப் பற்றிக் கொள்ளும் கவலையிற் பாதியைக்கூடச் சமையல் மேடையைப் பற்றிக் கொள்வதில்லை. நம் இல்லத்தரசியர் நாள்தோறும் புழங்குவதோ அம்மேடையிலேதான். ஒருமுறை பதித்த கல்லைப் பெயர்த்தெடுப்பது எளிதன்று, செலவும் சிறிதன்று. ஆதலின், கல்லின் குணமறிந்து தெரிவு செய்தல் வேண்டும்.

கருமையும் அடக்கமான அழகும் உடைய சிலேட்டுக் கல்லைச் சிலர் விரும்புவர். முன்னாளிற் பிள்ளைகள் அகரம் எழுதிப் பழகிய பலகையும் இக்கல்லே. தம்புள்ளையைச் சூழப் பாறைக்குன்றுகள் பல இருந்தும், அங்கே இது கிடைப்பதில்லை. ஏன்? களிமண் படிவு நிலத்தடியில் மிதமான வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகும்போது சிலேட்டாகின்றது. இலங்கையின் பெரும்பகுதிப் பாறைகளோ அதனினும் மிகக் கடுமையான வெப்பத்துக்கு உள்ளானவை. ஆகவே, இங்கிருந்த களிமண் படிவுகள் சிலேட்டு நிலையைக் கடந்து, வரிகளோடு கூடிய வன்பாறைகளாகிவிட்டன.

எனவே, சிலேட்டு வெளிநாட்டிலிருந்தே வருதல் வேண்டும். அயலிலே ஆந்திரத்து மார்க்காபுரம் அதற்குப் பெயர்பெற்ற ஊர். அம்மாநிலத்துக் கடப்பைக் கல்லும் கருநிறமுடையதே. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் அதனைப் பதிப்பதுண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், கடப்பைக் கல் சுண்ணக்கல் இனத்தது. புளியும் தேசிக்காயும் நாளும் சிந்துகின்ற நம் மேடையில் அது மெருகிழந்து வெளிறிவிடும்.

இவ்விரண்டையும் பிரித்தறிதல் கடினமன்று. கடைக்காரரிடம் ஒரு மாதிரித் துண்டைக் கேட்டு வாங்குங்கள். அதன்மேல் தேசிக்காய்ச் சாற்றிற் சில துளி விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். நுரைத்தாலோ, வெளிறிய தடம் எஞ்சினாலோ, அதிற் சுண்ணாம்பு உண்டு என்று அறிக. பின்னர் சிறிது நீர் விடுங்கள். அவ்விடம் விரைவிற் கறுத்தால், எண்ணெயையும் மஞ்சளையும் அக்கல் உறிஞ்சிக்கொள்ளும். இறுதியாக விரலால் தட்டுங்கள். கணீரென ஒலிப்பது நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

நல்ல சிலேட்டு சூட்டைத் தாங்கும். ஆயினும் கத்தி பட்டாற் கீறும். கூரிய ஓரம் எளிதிற் சிதறும். ஆதலால் ஓரத்தை மழுக்கி வைத்தல் நன்று. சிறு கீறல்களை நுண்ணிய அரத்தாளால் தேய்த்து நீக்கலாம். மெருகுக்காகத் தேங்காயெண்ணெய் பூசுதல் தகாது; நாளடைவிற் சிக்கு வாடை வீசும். மேடையிலேயே இடிப்பதும் வெட்டுவதும் வழக்கமாயின், வன்மைமிக்க கருங்கல்லே பொருத்தமானது.

கல்லைத் தேர்ந்தபின் கொத்தனாரிடம் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. 1991இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பெற்ற தம்புள்ளைக் குகைகளின் மேல்விளிம்பை நோக்குங்கள். பாறைமீது வழியும் மழைநீர் உள்ளே புகாது சொட்டிவிடும் வண்ணம் அங்கே விளிம்பு வெட்டப்பட்டுள்ளது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவினர் கையாண்ட நுட்பம் இது. நம் மேடைக் கல்லின் முன்னோரத்து அடிப்புறத்திலும் மெல்லிய பள்ளக்கோடு ஒன்று வெட்டுவித்தால், சிந்திய நீர் அலுமாரிக்குள் வழியாது கீழே சொட்டிவிடும். பலகைகளும் பழுதின்றி நெடுநாள் நிலைக்கும்.