மஞ்சள் கடுதாசியும் அமெரிக்க நியாயமும்

திவால் என்பது நம்மவர்க்கு ஒரு வசைச்சொல். 'அவன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்', 'ஐ.பி. போட்டுட்டான்' என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம். நாற்பது ஆண்டுகளாக மும்பையில் பாத்திரக் கடை நடத்துகிறேன். கடனில் மூழ்கி இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனவர்களையும், உயிரையே விட்டவர்களையும் அறிவேன். அதனால்தானோ என்னவோ, அமெரிக்கர்களின் அறநோக்கு எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால், அவர்களுடைய சினிமாவையும் உடையையும் விட்டுவிட்டு அவர்களுடைய திவால் சட்டத்தைப் பாருங்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அவர்களும் தொடக்கத்தில் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். சுதந்திரப் போருக்குப் பணம் திரட்டிக் கொடுத்த ராபர்ட் மாரிஸ் என்ற பெருவணிகர், நில வியாபாரத்தில் நொடித்து, 1798 முதல் 1801 வரை பிலடெல்பியாவில் கடன்காரர் சிறையில் கிடந்தார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவருக்கே அந்தக் கதி! 1800-ல் வந்த முதல் திவால் சட்டம் மூன்றே ஆண்டுகளில் ரத்தானது. 1841, 1867 ஆகிய ஆண்டுகளில் வந்தவையும் நிலைக்கவில்லை. 1898-ல் வந்ததுதான் எண்பது ஆண்டு நின்றது. 1978-ல் அதன் இடத்தில் இன்றைய சட்டம் வந்தது. இதற்குள் அவர்கள் மனத்தில் ஒரு கருத்து ஊறிவிட்டது: நாணயமாக முயன்று தோற்றவனுக்கு மறுபடி தொடங்க உரிமை உண்டு. 1934-ல் உச்ச நீதிமன்றமே இதைச் சட்டத்தின் நோக்கம் என்று ஒப்புக்கொண்டது.

நடைமுறை என்ன? சம்பளக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி பில்லாலோ கிரெடிட் கார்டாலோ மாட்டிக்கொண்டு நீதிமன்றத்தில் மனு போடுகிறார். போட்ட அந்தக் கணமே கடன்காரர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். போன் செய்யக்கூடாது, வழக்குப் போடக்கூடாது, சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. ஏழாம் அத்தியாயம் என்ற வழியில் போனால், விற்கத்தக்க சொத்தை விற்றுப் பங்கு போட்டுவிட்டுப் பாக்கியைச் சில மாதங்களில் தள்ளிவிடுவார்கள். பிழைப்புக்கான கருவிகளில் ஓரளவை விட்டுவைப்பார்கள். டெக்சாஸ், புளோரிடா மாநிலங்களில் குடியிருக்கும் வீட்டின் மதிப்பு எவ்வளவானாலும் பெரும்பாலும் தொடமாட்டார்கள். பதிமூன்றாம் அத்தியாயத்தில் போனால், மூன்று முதல் ஐந்து ஆண்டு தவணை. பத்து ஆண்டு வரை அந்தக் கறை கடன் பதிவேட்டில் நிற்கும், அவ்வளவே. 2005-ல் சட்டத்தை இறுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜனங்கள் ஓடிப்போய் மனு போட்டதில், அந்த ஒரே ஆண்டில் மனுக்கள் இருபது லட்சத்தைத் தாண்டின.

'இது ஏமாற்றுக்காரனுக்குக் கொடுத்த லைசென்ஸ்' என்று நம் வியாபாரிகள் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். இல்லறத்தாருக்குச் சொன்ன ஐந்து விரதங்களில் மிகுபொருள் விரும்பாமை ஒன்று. பொருளே கூடாது என்பதல்ல அது. இவ்வளவு போதும் என்று தானே ஓர் எல்லை வகுத்துக்கொள்வது. கடன் கொடுத்தவனுக்கும் அந்த எல்லை உண்டல்லவா? ஒருவனுடைய அடுத்த இருபது வருட உழைப்பும் எனக்கே சொந்தம் என்பது எல்லை மீறிய ஆசைதான். அந்த எல்லையை அமெரிக்காவில் சட்டம் போடுகிறது. கடன் கொடுப்பவனும் யோசித்துக் கொடுக்கட்டும்.

மார்க் ட்வைன் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. அச்சுக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் பணத்தைக் கொட்டித் தொலைத்தார்; அவருடைய பதிப்பகமும் 1894-ல் திவாலானது. முழுக் கடனையும் கட்டச் சட்டம் அவரை வற்புறுத்தவில்லை. ஆனாலும் உலகம் சுற்றிச் சொற்பொழிவாற்றிக் கட்டினார். 1896 ஜனவரியில், அறுபது வயதில், நம் பம்பாய்க்கே வந்து பேசினார். 1898-க்குள் கடன் தீர்ந்தது. (அவருடைய நண்பரான ஸ்டாண்டர்ட் ஆயில் முதலாளி ஒருவரின் யோசனைப்படி, நூல்களின் பதிப்புரிமையை முன்பே மனைவி பேருக்கு மாற்றிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வியாபாரிக்கு இது புதிதா என்ன!)

ஆனால் இந்தத் தாராளம் எல்லாருக்கும் இல்லை. படிப்புக் கடனைப் பாருங்கள். 1976-ல் ஐந்து ஆண்டு காத்திருந்தால் தள்ளுபடி என்றார்கள். பிறகு ஏழாண்டு என்றார்கள். 1998-ல் அந்தக் கதவையே சாத்தினார்கள். 2005-ல் தனியார் கொடுத்த படிப்புக் கடனும் இதில் சேர்ந்தது. தாங்கமுடியாத கஷ்டம் என்று தனி வழக்கில் நிரூபித்தால்தான் விடுதலை. சூதாடிய கிரெடிட் கார்டு பாக்கி கரைந்துவிடும், படித்த கடன் கரையாது! பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கூடக் கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பு, கடன் வாங்கியவரின் திவாலோடு தீராது. இங்கே வீட்டை அடமானம் வைத்து வங்கியில் வாங்கிய கடனுக்கு, அங்கத்திய சட்டத்தில் நிவாரணம் தேட முடியாது.

எனக்கு மனம் ஆறாதது பர்டியூ மருந்துக் கம்பெனி விவகாரம். 1996-ல் ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரையை விற்கத் தொடங்கினார்கள். அடிமையாக்கும் தன்மையைக் குறைத்துச் சொல்லி விற்றதாக 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்; 2020-ல் மறுபடியும் குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள். வழக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்ததும் 2019-ல் கம்பெனி திவால் மனு போட்டது. உரிமையாளர்களான சாக்லர் குடும்பமோ அதற்குள் சுமார் 1,100 கோடி டாலரைக் கம்பெனியிலிருந்து எடுத்திருந்தது. குடும்பத்தார் யாரும் மஞ்சள் கடுதாசி கொடுக்கவில்லை. சொத்துக் கணக்கு முழுவதையும் நீதிமன்றத்தில் விரிக்கவில்லை. ஆனாலும், ஒரு தொகை தருகிறோம், இனி எங்கள் மீது யாரும் வழக்குப் போடக்கூடாது என்று கேட்டார்கள்! தோற்ற ஏழைக்காக எழுதிய விதியில், தோற்காத பணக்காரன் பங்கு கேட்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், 'உன் வழக்கு முடிந்தது' என்று அவள் சம்மதம் இல்லாமலே சொல்வதற்குச் சமம் இது.

2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதை மறுத்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் தீர்ப்பே மாறியிருக்கும். பிறகு தொகையைக் கூட்டி, மொத்தம் சுமார் 740 கோடி டாலருக்குப் புதிய திட்டம் வந்து, 2025 நவம்பரில் திவால் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. அந்தத் திட்டத்தில், சம்மதம் தராதவர்கள் அந்தக் குடும்பத்தின் மீது வழக்குத் தொடர வழி உண்டு.