எழுபத்திரண்டில் ஒரு பங்கு டகோட்டா

1947 அக்டோபர் 27 அன்று காலை டெல்லியிலிருந்து புறப்பட்ட டகோட்டா விமானங்கள் ஸ்ரீநகர் ஓடுபாதையில் இறங்கின. அவற்றில் வந்தவர்கள் சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் வீரர்கள். ஆள்களை இறக்கிவிட்டு விமானங்கள் திரும்பின. மீண்டும் ஏற்றிக்கொண்டு வந்தன. அடுத்த ஆண்டு மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், மேஜர் ஜெனரல் திம்மையாவை உடன் அழைத்துக்கொண்டு, அதே வகை விமானம் ஒன்றை லே நகரில் இறக்கினார். 10,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், சோனம் நோர்பு என்ற லடாக்கியப் பொறியாளரின் மேற்பார்வையில் அவசரமாகச் சமன் செய்யப்பட்ட தரை அது. உட்புறக் காற்றழுத்தம் பேணும் வசதியற்ற விமானம் இமயமலைகளைக் கடந்து அங்கே போய் இறங்கியது.

இத்தனை இருந்தும், மாதிரி விமானங்கள் செய்வோரின் அலமாரியைத் திறந்தால் கண்ணில் படுபவை பெரும்பாலும் போர் விமானங்களே. கூர்மூக்கும் ஏவுகணையும் உள்ளவற்றுக்கே மதிப்பு. சரக்கும் ஆளும் சுமக்கும் விமானத்தை எவரும் எளிதில் தேர்ந்தெடுப்பதில்லை. கிளைக்குப் பணப்பெட்டியைச் சுமந்து வருபவரை எவரும் புகைப்படம் எடுப்பதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

டகோட்டாவின் மாதிரியை ஏர்ஃபிக்ஸ், இத்தாலேரி போன்ற நிறுவனங்கள் 72-இல் ஒரு பங்கு அளவில் தயாரித்துள்ளன. உண்மை விமானத்தின் இறக்கை விரிவு சுமார் 29 மீட்டர்; மாதிரியில் அது 40 சென்டிமீட்டர். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் 2.4 சென்டிமீட்டராகச் சுருங்குவார். வணிகவியல் படித்தவனுக்கு இந்த வகுத்தல் கணக்கில் தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதே பயன் தரும். மாதிரியின் மேல் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் பெயிண்ட் படிந்தால், உண்மை விமானத்தின் மேல் 7 சென்டிமீட்டருக்குச் சாந்து பூசியதற்குச் சமம். ஆதலால் பெயிண்டைத் தண்ணீர்போல் நீர்க்கக் கலந்து, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை பூசவேண்டும். அவசரக்காரர்களுக்கு உரிய பொழுதுபோக்கு இது அன்று.

பெட்டியைத் திறந்தால் உறுப்புகள் பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக்கொத்தாய் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டுக்கருவியால் நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டவேண்டும். இதற்கான பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. எனவே உடலின் இரு பாதிகளையும் சேர்ப்பதற்கு முன்பே உள்ளறையை முடித்துவிட வேண்டும். அலுமினியம் அரிக்கப்படாமல் இருக்க அக்காலத்தில் உட்புறம் பூசிய துத்தநாகக் குரோமேட்டின் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தை அங்கே தீட்டுவார்கள். மூடியபின் அதில் பெரும்பகுதி எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆயினும் தீட்டுகிறோம்.

ஏ.என்-32, சி-130 போன்ற மூக்குச் சக்கர விமானங்களின் மாதிரிகளில் மூக்குக்குள் சிறு எடைக்கற்களை வைக்கவேண்டும். இல்லையேல் அவை வாலில் உட்கார்ந்துவிடும். டகோட்டாவுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் சிறு சக்கரம் வாலின் கீழ் இருப்பதால் இயல்பாகவே மூக்கை உயர்த்தி நிற்கும். உள்ளே தளமும் அப்படியே சரிந்திருக்கும்.

அந்தச் சரிவின் பொருளை எனக்கு உணர்த்தியவர் பெங்களூருவில் எங்கள் கிளையின் ஓய்வூதியர் ஒருவர். 1960-களின் நடுவில் விமானப்படையில் சேர்ந்தவர். அசாமின் ஜோர்ஹாட் தளத்தில் டகோட்டாக்களில் சரக்கு ஏற்றும் குழுவில் இருந்தவர். என் கைப்பேசியில் பாதி முடிந்த மாதிரியின் படத்தைப் பார்த்தவர், “கதவு பின்னாடி இடப்பக்கம் சார். மூட்டை முழுசும் அந்த வழியாத்தான் ஏறும். ஏறினதும் மேட்டில் தள்ளணும்” என்றார். சுமை வாலருகே குவிந்தால் விமானத்தின் எடைச்சமநிலை கெடும். ஆகையால் ஒவ்வொரு மூட்டையையும் ஏற்றத்தில் இழுத்துச் சென்று முன்புறத்திலிருந்து அடுக்கி வரவேண்டும். வடகிழக்கு மலைகளில் சாலை எட்டாத காவல் நிலைகளுக்கு அரிசி வானிலிருந்தே விழும். ஒரு சாக்குக்குள் மற்றொரு சாக்காக இட்டுத் தைப்பார்கள். உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு அரிசியைத் தாங்கிக்கொள்ளும். வீசும் நாள்களில் கதவைக் கழற்றி வைத்துவிட்டே பறப்பார்களாம்.

“அப்படியானால் மாதிரியில் கதவைப் பொருத்தட்டுமா, வேண்டாமா ஐயா?” என்று கேட்டேன். “எந்த நாளைச் செய்யறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க சார்” என்றார்.

மாதிரி செய்வோரின் முழுக் கலையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. பொதுவான டகோட்டா என்று ஒன்று இல்லை. 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்த டிசி-3 பயணிகள் விமானத்தின் படைத்துறை வடிவம் இது. பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. அவற்றில் ஒன்றை, ஒரு தளத்தில், ஓர் ஆண்டில் நிற்பதாகவே நாம் தீட்ட இயலும். கிட்டுடன் வரும் ஒட்டுப்படங்கள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளுடையவை. இந்தியச் சின்னங்களைத் தனியே தேடவேண்டும். தேடும்போது ஆண்டையும் கவனிக்கவேண்டும். காவி வெளிவட்டம், வெள்ளை, நடுவில் பச்சை என இன்று நாம் அறிந்த வட்டச்சின்னம் 1950 முதல் உள்ளது. அதற்கு முன் சில காலம் வட்டத்தில் அசோகச் சக்கரம் இருந்தது. லேயில் இறங்கிய விமானத்தை 1948-க்குரியதாகச் செய்துவிட்டு அதன்மேல் மூவண்ண வட்டத்தை ஒட்டினால், தேதி தவறிய காசோலைபோல் ஆகிவிடும்.

நான் தேர்ந்தது 1960-களின் ஜோர்ஹாட், வெள்ளி நிற விமானம், கதவு இல்லை.

வெள்ளி நிறமே எல்லாவற்றிலும் கடினமானது. முதலில் சாம்பல் நிற அடிப்பூச்சு, அதன்மேல் பளபளக்கும் கறுப்பு, அதன்மேலேயே அலுமினிய வண்ணம். கறுப்பு அடியில் இருந்தால்தான் உலோகத்துக்கு ஆழம் கிடைக்கும். கறுப்பில் ஒரு தூசி இருந்தாலும் வெள்ளி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் லாக்கர் வகைப் பெயிண்டை அடித்தால் பால் படர்ந்ததுபோல் வெளுத்துப்போகும். கடற்கரை நகரங்களில் உள்ள வாசகர்கள் வெயில் நாளுக்குக் காத்திருப்பது நலம். மேலும், விமானம் முழுவதும் ஒரே வெள்ளி அன்று. டகோட்டாவின் வால் சுக்கானும் இறக்கை முனைகளின் அசையும் பகுதிகளும் துணியால் போர்த்தப்பட்டவை. வெள்ளிப் பெயிண்ட் பூசிய துணி உலோகம்போல் மின்னாது. மற்ற இடங்களை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு அவற்றை மட்டும் மங்கலாக்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல கிட் சில ஆயிரம் ரூபாய். பெயிண்டும் கருவிகளும் சேர்ந்தால் அதைத் தாண்டும். வெளிநாட்டுக் கடையில் நேரடியாக வாங்கினால் சுங்க வரியும் அட்டையின் அந்நிய நாணய மாற்றுக் கட்டணமும் சேரும். இவற்றைக் கூட்டிய பிறகே விலையை ஒப்பிடுங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வேண்டிய அன்று மட்டும், வேண்டிய வரம்புக்குத் திறந்து, பின்னர் மூடிவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் எங்களைப் போன்றோருக்கு முடிந்த மாதிரியைக் கொண்டுசெல்வதும் ஒரு செலவே. லாரியில் ஏற்றத் துணிவதில்லை. மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போவோர் உண்டு.

உண்மை டகோட்டா ஒன்றைக் காண விரும்புவோர்க்கு ஒரு செய்தி. டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி ஒருவரின் மகன், பழைய விமானம் ஒன்றை வாங்கிப் பிரிட்டனில் செப்பனிட்டு விமானப்படைக்கு அளித்தார். விபி 905 என்ற எண்ணும் ‘பரசுராமா’ என்ற பெயரும் தாங்கி, 2018-இல் அது பறந்தே இந்தியா வந்து ஹிண்டன் தளத்தில் இறங்கியது. அதன் படங்களை நான் உருப்பெருக்கி வைத்துப் பார்த்திருக்கிறேன். மிக அழகாக, மிகத் தூய்மையாக இருக்கிறது.

என் மாதிரி அவ்வளவு தூய்மையாக இராது. என்ஜின்களுக்குப் பின்னே புகைக்கறையைக் கறுப்புப் பொடியால் தேய்த்தாகிவிட்டது. மீதம் இருப்பது கதவின் வாசற்படி. மூட்டைகள் உரசி உரசி அங்கே பெயிண்ட் போய்ப் பளிச்சென்று உலோகம் தெரியும் என்று அந்த ஓய்வூதியர் சொல்லியிருந்தார். படியின் முழு நீளமும் தேயாதாம். மூட்டையைச் சாய்த்துத் தள்ளும் ஓர் ஓரம் மட்டுமே தேயுமாம். எந்த ஓரம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆயுள் சான்றை வீட்டிலிருந்தே மின்னணு முறையில் அளிக்கலாம் என்று எவ்வளவு சொன்னாலும், அவர் நவம்பரில் கிளைக்கு நேரில்தான் வருவார். அதுவரை வாசற்படியைத் தீட்டாமல் வைத்திருக்கிறேன்.