எந்தக் கடலூர்?

ரயிலில் கடலூருக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பலர் தப்பான நிலையத்தில் இறங்கிவிடுகிறார்கள். கடலூர் என்று பெயர்ப் பலகை இருப்பது துறைமுகம் சந்திப்பில். பஸ் நிலையத்துக்கோ கலெக்டர் ஆபீசுக்கோ போகிறவர் இறங்க வேண்டியது திருப்பாதிரிப்புலியூரில். உள்ளூர்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் வாயில் ‘கடலூர்’ வருவதே அபூர்வம். ஓ.டி. (ஓல்ட் டவுன்), திருப்பாப்புலியூர், மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம் என்றுதான் சொல்வார்.

இது ஒரே ஊராக வளர்ந்ததல்ல. உப்பனாற்றங்கரையில் துறைமுகத்தை நம்பி ஓர் ஊர், பாடலீசுவரர் கோயிலைச் சுற்றி ஓர் ஊர், கெடிலம் ஆற்றுக்கு வடக்கே வெள்ளைக்காரன் கச்சேரி நடத்திய ஊர், கடலோரத்தில் கோட்டையும் குப்பமும். 1866-இல் வந்த நகராட்சி இவற்றை ஒரே பெயரில் கட்டிப்போட்டது. 2021-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மனசளவில் இன்னும் தனித்தனிதான்.

ஊர் எல்லையைப் பீரங்கியால் அளந்த கதை வேறெங்கும் கிடைக்காது. 1690-இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல்; அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. கோட்டையோடு சேரும் நிலம் எவ்வளவு? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை என்று ஒப்பந்தம். சங்கிலி பிடித்து அளப்பவனுக்கு அங்கே வேலை இல்லை. நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்டவை ‘குண்டு கிராமங்கள்’ ஆயின. பழைய கடலூரும் அதில் மாட்டிக்கொண்டது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, இந்த செயின்ட் டேவிட் கோட்டைதான் சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து இடித்துத் தள்ளினான். இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் சில்வர் பீச்சில் சுண்டல் தின்று திரும்புகிறார்கள். பக்கத்திலேயே 2004 சுனாமியில் அடிபட்ட மீனவர் குடியிருப்பு.

மஞ்சக்குப்பம் ஆபீஸ் நேரத்துக்கு வாழ்கிற பகுதி. மைதானம், கோர்ட், வக்கீல் பலகைகள், ஸ்டாம்ப் விற்பவர்கள். எழுத்தாளர் ஜெயகாந்தன் பிறந்தது இங்கேதான். அண்ணா பாலத்தில் கெடிலத்தைத் தாண்டினால் காற்றே மாறும். திருப்பாதிரிப்புலியூர் அப்பர் கரையேறிய தலம். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவர் மிதந்து வந்து ஒதுங்கிய இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். ஞானியார் மடாலயத்தில் ஞானியாரடிகளின் பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடிய காலம் ஒன்று உண்டு. இப்போது கூட்டமெல்லாம் லாரன்ஸ் ரோடு ஜவுளிக் கடைகளில்.

ஓ.டி. என்கிற முதுநகரில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். 1927-இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லிப் போராடி ஜெயிலுக்குப் போன அஞ்சலையம்மாள் இந்த முதுநகர்க்காரர்தான். இப்படிப் பிரிந்து கிடக்கிற கடலூரில் புதிய பஸ் நிலையத்தை எங்கே கட்டுவது என்று நடந்த இழுபறியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும்: இந்த நகரத்துக்கு நடு என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இடமே கிடையாது.

தெற்கே ஒரு மணி நேரத்தில் சிதம்பரம். அங்கே நடு எது என்று குழந்தைகூடச் சொல்லும். கோயில், சன்னதித் தெருக்கள், அதைச் சுற்றித் தேரோடும் கீழ வீதி, மேல வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி. வழி கேட்டால் திசையைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். பார்க்க அழகான ஒழுங்கு. ஆனால் கோயிலுக்கு எத்தனை தெரு தள்ளி ஒருவர் இருக்கிறார் என்பதை வைத்து அவர் யார் என்று கணித்துவிடும் ஒழுங்கும் அதுதான். எனக்குக் கடலூரின் குழப்பமே தேவலை. ஒடுக்கப்பட்ட குலத்துப் பக்தரான நந்தனாரைத் தீயில் இறக்கியதாகச் சொல்லப்படும் ஓமக்குளம் தேரோடும் வீதிகளுக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கே சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் நடத்தினார்.

ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகர். 1929-இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தால் உண்டான ஊர், இன்றும் தனிப் பேரூராட்சி. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் ராஜேந்திரன் சுடப்பட்டு இறந்த நாள் இந்த ஊரால் மறக்க முடியாத நாள். மெஸ், ஜெராக்ஸ் கடை, ஹாஸ்டல் என்று அதன் நாள்காட்டியே வேறு. பரீட்சை முடிந்தால் கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். பாலம் ஏறிச் சிதம்பரம் போவதை, ‘டவுனுக்குப் போயிட்டு வரேன்’ என்பார்கள்.

அடுத்த வாரம் நெய்வேலி. அங்கே பகுதிகளை ‘வட்டம்’ என்பார்கள். பெயர் கிடையாது, எண்தான்.

(தொடரும்)