செல்போன் பேப்பருக்குப் படியளப்பது யார்? நீலகிரியில் உதைக்கும் தலைக்கணக்கு!

ஊட்டி-

குன்னூர் ரோட்டில் மண் சரிந்ததா? கோத்தகிரியில் கரடி புகுந்ததா? டீக்கடையில் உட்கார்ந்து செல்போனைத் தட்டினால் உள்ளூர்ச் செய்தி வந்துவிடுகிறது. படிக்கிறவர் காசு தருவதில்லை. அப்படியானால் நிருபருக்குச் சம்பளம், பஸ் சார்ஜ் எங்கிருந்து வருகிறது?

விளம்பரம்தான்! லாட்ஜ், வர்க்கிக் கடை, சாக்லேட் கடை. அதுவும் ஏப்ரல், மே சீசனில்தான். மழை பிடித்துக்கொண்டால் கடைக்காரரே ஈ ஓட்டுவார், விளம்பரம் எங்கே தருவார்? இன்னொரு சங்கடம். விளம்பரம் தந்த லாட்ஜ்காரர் அனுமதியில்லாமல் மாடி எழுப்பினால், அதை எழுதப் பேனா வருமா? (நம்ம பிழைப்பு அப்படி!)

2½ லட்சம் பேர்

சரி, சர்க்கார் விளம்பரம்? இங்கேதான் உதைக்கிறது. இணையதளங்களுக்கு விளம்பரம் தர மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. கடைசி வகுப்பில் இடம் பிடிக்கவே மாதம் 2½ லட்சம் பேர் படிக்க வேண்டும். ஒரே ஆள் பத்து தடவை பார்த்தாலும் ஒன்றுதான்.

2011 கணக்குப்படி நீலகிரி மாவட்ட ஜனத்தொகையே 7 லட்சத்து 35 ஆயிரத்து 394! ஊட்டி நகரில் 88 ஆயிரத்து 430. கைக்குழந்தை உள்பட மூன்றில் ஒருத்தருக்கு மேல் மாதா மாதம் படித்தால்தான் கதவு திறக்கும்.

டெல்லியில் 2012-ல் தொடங்கிய நியூஸ்லாண்ட்ரி, விளம்பரமே வாங்காமல் சந்தாவில் நடக்கிறது. அதற்கு நாடு பூராவும் வாசகர். ஆனால் 2023 செப்டம்பரில் பச்சைத் தேயிலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்களே, அந்தச் சேதி தினமும் யாருக்கு வேண்டும்? மலைக்காரருக்குத்தான். அவர் சந்தா கட்டுவாரா? இலை விலை ஏறட்டும், பார்க்கலாம் என்பார்!