1489-க்கு மேல் 42 சிசி

புதுக்கோட்டை மாவட்டத்தின் செட்டிநாட்டுப் பகுதியில், ராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்ப் பெரிய வீடுகளோடு சேர்த்துப் பேசப்படும் கார் அம்பாசடர். உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. இன்னும் ஓடும் வண்டிகளுக்குப் புது இன்ஜின் வாங்க முடியாது. ஆகவே சைலன்சர் நீலப் புகை தள்ளி, ஆயில் வாராவாரம் குறைய ஆரம்பித்தால், இன்ஜினை இறக்கிப் பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே வழி. பழுது பார்க்கத்தான் கொண்டுபோகிறார்கள். ஆனாலும் திரும்பி வரும் இன்ஜின், போனபோது இருந்ததைவிடக் கொஞ்சம் பெரியது.

சிலிண்டர் சுவர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல்பகுதியில், பிஸ்டன் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். எரியும் வாயுவின் அழுத்தமும் சூடும் அங்கேதான் உச்சம். ஆயில் படலமோ அங்கே மிக மெல்லியது. ரிங் எட்டாத விளிம்பு மட்டும் தேயாமல் ஒரு படிபோல நிற்கும். அனுபவப்பட்ட மெக்கானிக் கருவியைத் தேடுவதற்கு முன், விரல் நகத்தை அந்தப் படியின் மீது ஓட்டிப் பார்ப்பார். நகம் தட்டினால் போர், அதாவது சிலிண்டர் துளை, தேய்ந்துவிட்டது என்று பொருள். கனெக்டிங் ராடு சாய்வாக உதைப்பதால் பக்கவாட்டிலும் தேய்ந்து, வட்டமாக இருந்த துளை லேசான நீள்வட்டம் ஆகியிருக்கும்.

பிறகு போர் கேஜை இறக்கி மேல், நடு, கீழ் என்று அளவெடுப்பார்கள். நான்கு சிலிண்டர்களில் எது அதிகம் தேய்ந்ததோ அதற்கேற்பவே நான்கும் கடையப்படும். இதுதான் ரீபோர். பழைய பிரிட்டிஷ் வடிவ இன்ஜின்களுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் அங்குலக் கணக்கில் வரும்: இருபது, முப்பது, நாற்பது. அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு என்று அர்த்தம். கடைந்து முடித்தபின் ஹோனிங் கல்லை மேலும் கீழும் ஓட்டி, கோரைப்பாய்ப் பின்னல்போல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுவார்கள். அது அழகுக்காக அல்ல. ஆயில் தங்குவதற்கும், புது ரிங் சுவரோடு பொருந்தி உட்காருவதற்கும் அந்தக் கீறல்கள் வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாக விட்டால் இன்ஜின் மறுபடி ஆயில் குடிக்கும்.

இனி கணக்கு. அம்பாசடருக்கு 1959 முதல் வந்த ஓவர்ஹெட் வால்வு இன்ஜினின் துளை விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 88.9 மி.மீ. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1489 சிசி. நாற்பது சைஸ் ரீபோர் செய்தால் விட்டம் 74.04 மி.மீ. ஆகிறது, கொள்ளளவு 1531. சுவரில் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இரும்பு போயிருக்கிறது, 42 சிசி கூடிவிட்டது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வந்த லாபம் இது. பிஸ்டன் ஓடும் தூரத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் கொள்ளளவு 1.1 சதவீதமே ஏறும். விட்டத்தில் அதே ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய 2.8 சதவீதம் தருகிறது.

அழுத்த விகிதமும் கூடவே நகர்கிறது. அது முன்பு 7.2 என்று வைத்துக்கொண்டால், ஹெட்டில் உள்ள எரியறை மாறாத நிலையில் 7.4-ஐ நெருங்கும். ரீபோர் முடிந்த வண்டி ‘புதுசு மாதிரி இழுக்குது’ என்று டிரைவர் சொன்னால், அந்தப் பெருமை 42 சிசிக்கோ இந்தச் சிறு மாற்றத்துக்கோ சேராது. கசிந்துபோன கம்ப்ரஷன் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் இன்னும் ஆழமாகக் கடைந்தால் என்ன? பிளாக்கில் இரு சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் வார்ப்பிலேயே நிர்ணயமானது. துளை அகல அகல நடுச்சுவர் மெலியும், குளிர்நீர் ஓடும் பாதைக்கும் துளைக்கும் இடையே உள்ள இரும்பு குறையும். ஹெட் கேஸ்கட் பிடித்துக்கொள்ள இடமும் சுருங்கும். எல்லை தாண்டினால் சூடேறி, கேஸ்கட் போய், கடைசியில் சுவரே வெடிக்கலாம். எல்லையைத் தொட்டுவிட்ட பிளாக்குக்கு ஸ்லீவ் அழுத்திப் பழைய அளவுக்கே திரும்புவார்கள்.

தொழிற்சாலை செய்யும்போது கதை வேறு. அச்சையே மாற்றி வார்க்க முடியும். அம்பாசடரின் இன்ஜின் பிறந்த பிரிட்டனின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பம், பிஸ்டன் ஓடும் தூரத்தைத் தொடாமல் துளையை மட்டும் அகலமாக்கி 1200, 1489, 1622, 1798 சிசி என்று வளர்ந்தது.

இதைவிடச் சுவாரஸ்யமான உதாரணம் சென்னைக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் அருகே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைத் தயாரித்தது. அந்தக் காரின் இன்ஜின் பிரிட்டனில் 58 மி.மீ. துளையோடு 803 சிசியாகப் பிறந்தது. 63 மி.மீ. ஆனதும் 948. அடுத்து 69.3 மி.மீ.க்கு 1147, 73.7 மி.மீ.க்கு 1296. இத்தனைக்கும் பிஸ்டன் ஓடும் தூரம் 76 மி.மீ.தான். துளையில் இனி இடமில்லை என்றானதும் கிராங்க் ஷாஃப்டை மாற்றி அந்தத் தூரத்தை 87.5 மி.மீ. ஆக்கினார்கள், 1493 சிசி கிடைத்தது. விலை இல்லாமல் இல்லை. நிமிடத்துக்கு 6000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 15.2 மீட்டரிலிருந்து 17.5 மீட்டராக ஏறியது. கிராங்கைத் தாங்கிய மெயின் பேரிங்குகளோ அதே மூன்றுதான்.

நம் ஊர் ஹெரால்டு இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. பிரிட்டனில் 1961-லேயே 1147 வந்துவிட்டது. இங்கே அதே கம்பெனி 1972-இல் வெளியிட்ட கெஸல் காரிலும் 948-தான். ராஜாஜி லைசென்ஸ்–பெர்மிட்–கோட்டா ராஜ்யம் என்று சாடிய ஏற்பாடு நீடித்த காலம். வாங்க வரிசையில் ஆள் நிற்கும்போது இன்ஜினைப் பெரிதாக்கும் அவசரம் எந்தக் கம்பெனிக்கும் இருந்திருக்காது.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் சிறிய கார், வரி குறைவு என்று 2006-இல் மத்திய அரசு கோடு போட்டது. 1298 சிசியோடு வந்த ஸ்விஃப்ட் 2010-இல் 1197-க்கு இறங்கியது. புது இன்ஜின் சிறியது என்றாலும் சக்தியில் சோடை போகவில்லை. வால்வு வழியாக எவ்வளவு காற்று தங்குதடையில்லாமல் போய்வருகிறது என்பதற்கு, துளையின் அகலத்தைவிட முக்கியத்துவம் அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கோட்டுக்கு உள்ளே ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வெளியே 40.

மூன்றாம் நபர் காப்பீட்டிலும் இப்படி ஒரு கோடு உண்டு. 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு ரூ.3,416, 1500-ஐத் தாண்டினால் ரூ.7,897. அம்பாசடரின் 1489 அந்த எல்லைக்குப் பதினொரு சிசி உள்ளே இருக்கிறது. நாற்பது சைஸ் கடைந்தபின் உண்மையான அளவு 1531. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண் 1489.