சிக்னலில் நின்றால் பழைய கார் ஆஃப் ஆகுதா? ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் இதைப் பாருங்க!

ஒரகடம் சந்திப்பில் சிக்னல். நியூட்ரலுக்கு வந்ததும் தாத்தா காலத்து பத்மினி இரண்டு தடவை குலுங்கி ஆஃப் ஆகிறது. பின்னால் கன்டெய்னர் லாரி. இந்த ரூட்டில் இது வெறும் சங்கடம் இல்லை, ஆபத்து.

ஐடிலிங் என்றால் என்ன?

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோதும் இன்ஜின் நிற்காமல் ஓடும் வேகம். கார்புரேட்டர் கார்களில் பெரும்பாலும் 700 முதல் 900 ஆர்பிஎம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகத் தொடங்கிய சான்ட்ரோவில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. 1960-களில் வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் அந்த வேலை கார்புரேட்டரின் சின்ன ஸ்க்ரூவுக்கு.

ஸ்க்ரூவை முறுக்கினால் போதாதா?

நேற்று வரை நல்லா ஓடிய காரில் ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பு குறைவு. கோளாறு வேறு எங்கோ இருக்கு. ஸ்க்ரூவை முறுக்கினால் அது மறையும், தீராது.

எந்த வரிசையில் பார்க்கணும்?

1. ஏர் லீக்: வேக்குவம் ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கெட் வெடித்திருந்தால் தேவையில்லாத காற்று உள்ளே போகும். ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை அந்த இடங்களுக்கு அருகில் கொண்டு போங்க. 'உஸ்' சத்தம் காட்டிக்கொடுக்கும். ஃபேன், பெல்ட் பக்கம் போகாதீங்க. சூடான இன்ஜினில் ஸ்ப்ரே அடித்துச் சோதிக்க வேண்டாம், தீப்பிடிக்கலாம்.

2. பிளக், பாயின்ட்: பிளக்கில் காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகமாக இருக்கலாம். பாயின்ட் இடைவெளியை மேனுவல்படி வையுங்க.

3. ஐடில் ஜெட்: ஓடும்போது நல்லா ஓடி, காலை எடுத்ததும் ஆஃப் ஆனால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். மாதக்கணக்கில் நிறுத்திய காரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி அடைக்கும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கழற்றி, கிளீனர் போட்டு, காற்றடித்தால் போதும்.

4. ஸ்க்ரூ: இன்ஜின் சூடான பிறகு, சோக்கை முழுசா உள்ளே தள்ளிட்டு, மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்புங்க. இன்ஜின் சீராக, வேகமாக ஓடும் இடத்தில் நிறுத்தி, பிறகு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்க.

இ20 பெட்ரோலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 20% எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பெட்ரோலைக் குறைத்தது போன்ற விளைவு வரும். கார்புரேட்டரால் அதைத் தானாகச் சரிசெய்ய முடியாது. பழைய ரப்பர் ஹோஸும் ஊறிக் கெடும். எனவே, எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் மாற்றிய பிறகு டியூனிங் செய்யுங்க. பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க. மெக்கானிக் வரட்டும்.