சீனப் பள்ளியில் நம் பிள்ளைகள்

சீனப் பள்ளியில் மலாய் மொழி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மலாக்காவின் கோலா சுங்கை பாருவில் கோயில் திருவிழா, கல்யாணம், கருமாதி எதற்குப் போனாலும் யாராவது ஒரு தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "டீச்சரம்மா, மகனை அடுத்த வருசம் சீனப் பள்ளியில போடலாமா?" கேட்கும்போதே அவள் மாமியார் முகத்தைச் சுளிப்பார். இருவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே சீனம் ஒரு பாடம் மட்டுமில்லை. மலாயும் ஆங்கிலமும் போக, கணிதம், அறிவியல், நன்னெறி, வரலாறு எல்லாமே மாண்டரினில்தான். சீனம் புரியாத பிள்ளைக்குக் கணக்கும் புரியாது. பாலர் பள்ளியையே சீனத்தில் முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கும், நேரே முதலாம் ஆண்டில் வந்து விழும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் மாதத்திலேயே பார்க்கலாம்.

எழுத்தைப் பார்த்துப் பெற்றோர்தான் மிரளுகிறார்கள். பிள்ளைகள் அதற்குள் இருக்கும் ஒழுங்கைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம்முடையது கடலோர ஊர். கடல், ஆறு, ஏரி, அலை, நீந்து, கழுவு ஆகியவற்றுக்கான சீன எழுத்துகளைப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் மூன்று சிறு சொட்டுகள் இருக்கும். அவை தண்ணீர். வலப்பக்கத்துப் பாதி பல எழுத்துகளில் ஒலியைக் காட்டிக்கொடுக்கும். கோடு போடவும் முறை உண்டு. மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக எழுத வேண்டும். பெட்டி மாதிரியான எழுத்து என்றால் சுற்றுக் கோட்டைப் போட்டு, உள்ளே நிரப்பிவிட்டு, கடைசியில்தான் அடிக்கோடு. "ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்து" என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

ஒலிதான் நம் பிள்ளைகளைப் படுத்தும். வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'. குரலைத் தாழ்த்தி ஏற்றினால் வாங்குவது, மேலிருந்து சட்டென்று இறக்கினால் விற்பது. சந்தையில் இதை மாற்றிச் சொன்னால் மீன்கடைத் தவ்கே சிரித்துவிடுவார். ப என்ற ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற நமக்கு, மூச்சை ஊதிச் சொல்லும் ப வேறு, ஊதாமல் சொல்லும் ப வேறு என்பது புதிது. இதற்கு லாவ்ஷிகள், அதாவது சீன ஆசிரியர்கள், ஒரு துண்டுத் தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துக் காட்டுவார்கள். ஊதிச் சொன்னால் தாள் படபடக்கும், ஊதாமல் சொன்னால் சும்மா இருக்கும். நமக்கு ஒரு லாபமும் உண்டு. 'மனிதன்' என்பதற்கான சீனச் சொல் தொடங்கும் ஒலி நம் ழகரத்துக்கு ரொம்பப் பக்கம். சீனப் பிள்ளைகள் பலர் அதை 'லென்' என்று வழுக்கிச் சொல்லும்போது, வீட்டில் ஒழுங்காகப் 'பழம்' சொல்லிப் பழகிய பிள்ளை சரியாகச் சொல்லும். 'பலம்' சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளை சீனத்திலும் மாட்டிக்கொள்ளும்!

வீட்டில் பெரிய சண்டை 'திங் சியே'யில்தான், அதாவது சொல்வதெழுதுதலில். மறுநாளைக்கான சொற்களை முதல் நாள் இரவு யாராவது வாசிக்க வேண்டும், பிள்ளை கட்டம் போட்ட நோட்டில் எழுத வேண்டும். சீனம் தெரியாத அம்மா என்ன செய்வாள்? எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகளின் வகுப்பாசிரியையிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வாங்கிக்கொள்வாள். சமைத்துக்கொண்டே அதை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிடுவாள். மகள் எழுதியதைப் புத்தகத்தோடு கோடு கோடாக ஒப்பிட்டுத் திருத்துவாள். ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாமலேயே அந்தப் பெண்ணைக் கரையேற்றினாள். இப்படி உட்கார முடியாதவர்கள் டியூசனுக்குக் கட்டுகிறார்கள்.

பண்பாட்டுக்கென்று தனிப் பாடவேளை இல்லை. வாசிப்பிலும் பழக்கத்திலும் அது கலந்து வந்துவிடுகிறது. சின்ன வகுப்பிலேயே சீனக் கவிஞர் லி பாயின் நிலாக் கவிதையை ஒப்பிப்பார்கள். சீனப் புத்தாண்டு வந்தால் தூரிகையும் மையும் எடுத்துச் சிவப்புத் தாளில் வாழ்த்து எழுதுவார்கள். வகுப்பைக் கூட்டுவதும் கரும்பலகை துடைப்பதும் முறை வைத்துப் பிள்ளைகளே செய்வார்கள். 1988இல் ஜொகூர் பாருவில் பிறந்த இருபத்து நான்கு பருவ மேளம் இன்று எத்தனையோ பள்ளிகளில் முழங்குகிறது. உறுமி மேளம் கேட்டு வளர்ந்த நம் பையன்கள் அதில் சேர்ந்தால் தாளத்தை உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பள்ளிகள் நிலைத்த கதையில் நம் மலாக்காவுக்கும் பங்குண்டு. சீன, தமிழ்ப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் தேசியப் பள்ளிகள் போதும் என்று 1951இல் பார்ன்ஸ் அறிக்கை சொன்னது. மறு ஆண்டே அதையொட்டிச் சட்டமும் வந்தது. சீன ஆசிரியர்கள் லிம் லியன் கியோக் போன்றோர் தலைமையில் திரண்டு எதிர்த்தார்கள். 1955 ஜனவரி 12ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் உள்ளிட்ட கூட்டணித் தலைவர்கள் அவர்களோடு பேச உட்கார்ந்த இடம், மலாக்காவில் மலாயா சீனர் சங்கத் தலைவர் துன் டான் செங் லோக்கின் வீடு. அவர் ஆங்கிலக் கல்வி கற்ற பாபா, அதாவது உள்ளூர்ப் பண்பாட்டோடு கலந்துபோன சீனர் வழியினர். பாபாக்களின் வீட்டு மொழி மலாயாகிப் பல தலைமுறை ஆகியிருந்தது. அந்தப் பேச்சுக்குப் பிறகு வந்த 1957ஆம் ஆண்டுச் சட்டம் சீன, தமிழ்த் தொடக்கப் பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் ஏற்றுக்கொண்டது. சீன ஆசிரியர்கள் போட்ட சண்டையின் பலன் நமக்கும் கிடைத்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுத்த வழக்கும் 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றத்தோடு முடிந்துவிட்டது.

2020இல் நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, சீனத் தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை சீனர் அல்லாதவர். மலாய்ப் பிள்ளைகள் 15 விழுக்காட்டுக்கு மேல், இந்தியப் பிள்ளைகள் 3 விழுக்காட்டுக்கும் கீழ். 'மாண்டரின் பேசத் தெரிந்தவர் தேவை' என்ற வேலை விளம்பரத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சேர்க்கிற பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் மாமியார் சுளிப்பதிலும் நியாயம் இருக்கிறது. தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். 1781இல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பியவர்கள், பூசையும் பொங்கலும் விடவில்லை, வீட்டில் பேசுவதோ மலாய். சீனப் பள்ளியில் ஆறு வருடம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலரைப் பார்த்துவிட்டேன். லி பாய் தெரியும், தாத்தா வாங்கும் தமிழ்ப் பேப்பரில் தலைப்பைக்கூட எழுத்துக்கூட்ட வராது. இடைநிலைப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் வழி இருக்கிறது. அகரம் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தால் பிள்ளை திணறிப்போகும்.

என்னைக் கேட்டால், சேர்க்கும் முன்பே இரண்டு காரியத்தை வீட்டில் பேசி முடியுங்கள்: தினமும் இரவு திங் சியேவுக்கு யார் உட்காருவது, வாரத்தில் எந்த நாள் யார் தமிழ் எழுத வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது. ஆள் இருந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பள்ளியில் போடுங்கள், மாண்டரினைப் பிறகு வகுப்புக்கு அனுப்பிக் கற்றுக்கொடுக்கலாம்.